நிலை ஆவணத்தின் கடைசிப் பக்கம்

மேட்டுத்துறை நீர் நிலையத்தை இயக்கும் இயந்திரத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அதன் பெயர் வாசிப்பான். தினமும் காலை ஐந்து மணிக்கு நிலை ஆவணம் என்ற ஒரே ஒரு கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அது வாசிக்கும். எழுதியிருப்பதைச் செய்யும். எழுதாததைச் செய்யாது. இந்த இரண்டாவது குணத்துக்காகத்தான் அரசு அதை விரும்பி வாங்கியது என்று சொல்வார்கள்.

முன்பெல்லாம் இயந்திரங்களுக்கென்று தனி மொழி இருந்ததாம். அதை எழுதுவதற்கு ஆட்கள் வருடக்கணக்கில் படித்தார்களாம். வாசிப்பான் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. எந்த அதிகாரியும் எந்த வாக்கியத்தையும் சொல்லலாம்; மறுநாள் காலை அது நடந்துவிடும். சொல்வது மட்டும்தான் அதிகாரியின் வேலை. எழுதுவதற்குப் பதிவர் என்று ஒரு பணியிடம் உண்டு. அந்தப் பணியிடத்தில் ஒன்பது வருடங்களாக ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். பதிவரின் விரல் பட்டால்தான் கோப்பு திறக்கும். இயக்குநரே வந்து தட்டினாலும் திறக்காது. எழுத்துப்பிழைக்கு ஒரே ஒரு ஆளைத் திட்டினால் போதும் என்ற வசதிக்காகச் செய்த ஏற்பாடு அது.

மேட்டுத்துறையில் துறையும் இல்லை, மேடும் இல்லை. கரையோரத்து ஊர்களைக் கடல் எடுத்துக்கொண்டபோது அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிய பொட்டல் அது. தரைக்கு அடியில் உப்புத் தண்ணீர் உண்டு. நிலையம் அதை நல்ல தண்ணீராக்கிக் குழாயில் விடும். வேறு கிணறு, குளம், லாரி எதுவும் கிடையாது. ஒரு தெருவுக்குத் தண்ணீர் நின்றால் அந்தத் தெரு மூன்று நாள் தாங்கும். சித்திரை மாதமென்றால் இரண்டு நாள்.

ஆவணத்தின் முதல் விதி எளிமையானது. "இந்த ஆவணத்தில் பெயர் இடம்பெறும் ஒவ்வொரு வீட்டுக்கும் நாளொன்றுக்கு நூற்றிருபது லிட்டர் தண்ணீர் வழங்கப்பட வேண்டும்." தொடக்கத்தில் ஆவணமே பதினாறு பக்கம்தான். அதன் பின்னால் பன்னிரண்டு இணைப்புகள். ஒன்பதாம் இணைப்பில் நாற்பத்து மூன்று தெருக்களின் வீடுகள், வீட்டுக்கு ஒரு வரியாக.

பதினாறு பக்கம் நாலாயிரத்து எண்ணூறு பக்கமானது விதிகளால் அல்ல, வணக்கத்தால்.

இயந்திரத்துக்கு இடும் கட்டளை என்றாலும் அது அரசாங்கக் கட்டளை. மேடையில் மைக்கைப் பிடித்தவர் எல்லோரையும் பெயர் சொல்லி அவர்களே, அவர்களே என்று விளித்துவிட்டுத்தானே விஷயத்துக்கு வருகிறார்? ஆவணம் மட்டும் மரியாதை தெரியாமல் தொடங்கலாமா என்று முதல் இயக்குநர் கேட்டார். ஆகவே முதல் பக்கத்தில் ஒரு பட்டியல் ஏறியது. பிறகு ஒரு திருத்தத்தில் வார்டு உறுப்பினர் ஒருவரின் பெயர் விடுபட்டுப்போய், அவருடைய ஆட்கள் நிலையத்து வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு திருத்தத்தின் முன்னாலும் முழுப் பட்டியல் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. சேர்ந்த பெயரை எடுக்கக் கூடாது. மாற்றலாகிப் போனவர் முன்னாள் ஆவார். இறந்துபோனவர் நினைவில் வாழும் ஆவார். இப்போது பட்டியலில் இருநூற்றுப் பதினோரு பேர். முதல் பக்கம் என்பது ஆறு பக்கம். ஆனாலும் எல்லோரும் அதை முதல் பக்கம் என்றே அழைத்தார்கள்.

இந்த விதியை எழுதச் சொன்னவர் துணை நிர்வாகி அம்பலவாணன். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். யாருக்காவது வணக்கம் விட்டுப்போய்விடுமோ என்ற கவலையில் அவருக்கு இளவயதிலேயே ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. பட்டியலில் அவர் இருநூற்று ஒன்பதாவது. பத்தொன்பது வருடச் சேவைக்குப் பிறகு கிடைத்த இடம்.

அந்தக் கோப்பை எழுதும் மென்பொருளின் பெயர் ஏடு. நம்பகத்தன்மைக்கு விருது வாங்கியது. இருபது பக்கக் கடிதத்தை வைத்துத்தான் அந்த விருதுக்குச் சோதித்தார்கள். நிலை ஆவணத்தைத் திறக்க அதற்கு இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அலுவலகத்தில் யாரும் மின்விசிறியைக்கூடப் போட மாட்டார்கள். மூச்சு விடுவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்றும் சொல்லலாம். பெருமாள் கோவில் நடை திறப்பதற்குக் காத்திருப்பது போல எல்லோரும் திரையைப் பார்த்தபடி நிற்பார்கள். திறந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அதாவது டீ குடிக்க.

சித்திரை பதினொன்றாம் தேதி, வரப்போகும் அமைச்சரை வரவேற்று, இணைப்புகளுக்கு மேலே ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அதில் விஷயம் ஒரு வரி: அன்று வாசல் நீரூற்று ஓட வேண்டும். வணக்கம் இருநூற்றுப் பதினோரு வரி. ஜெசிந்தா அடித்து முடித்துச் சேமித்தாள். "சேமிக்கப்பட்டது" என்று ஏடு சொன்னது.

பன்னிரண்டாம் தேதி காலை நாற்பத்து மூன்றாம் தெருவில் தண்ணீர் வரவில்லை.

அது ஜெசிந்தாவின் தெரு. ஊரின் கடைசித் தெரு. கணவர் கப்பலில் இருந்தார். வீட்டில் அவளும், பிள்ளை பெற்று நான்கு மாதமான நாத்தனார் பிரகாசியும், அந்தப் பிள்ளையும். குழாயைத் திறந்தால் காற்று வருகிறது என்று பிரகாசி சொன்னாள். குழாய்க்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, குழாய் சரியாக இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெசிந்தா அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். ஒன்பதாம் இணைப்பு நாற்பத்து இரண்டாம் தெருவின் பத்தொன்பதாம் வீட்டோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

அம்பலவாணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு மிகவும் இரக்கத்தோடு, அந்தத் தெரு முறைப்படி அனுமதி பெற்றதுதானா என்று கேட்டார். தான் அங்கேதான் குடியிருப்பதாக ஜெசிந்தா சொன்னாள். குடியிருப்பது வேறு, இருப்பது வேறு என்றார் அவர். தெரு உண்டா இல்லையா என்று நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு நில அளவரை அனுப்பினார்கள். நில அளவர் கெட்டிக்காரர். வெயிலில் அலையாமல் நேரே அலுவலகத்துக்கு வந்து ஆவணத்தைப் பார்த்து, தெரு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மென்பொருள் நிறுவனத்திலிருந்து மதியமே ஓர் ஆள் வந்தான். பெயர் இதாயத்துல்லா. சென்னையில் வேலை, கீழக்கரைப் பக்கத்துப் பேச்சு. கோப்பின் அளவைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இதை எத்தனை நாளாகத் திறக்கிறீர்கள் என்று கேட்டான். ஒன்பது வருடமாக என்றாள். அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆறுதல் சொல்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"அக்கா, இது மேலேருந்து கீழ சேமிச்சுக்கிட்டே வரும். கையில இடம் தீந்துட்டா அப்படியே நிப்பாட்டிக்கிடும். மிச்சத்த விட்டுரும்."

"சேமிக்கப்பட்டதுன்னு சொல்லுச்சே?"

"சேமிச்சதச் சேமிச்சேன்னு சொல்லுது. அது பொய் இல்லையே. மிச்சம் என்னாச்சுன்னு நீங்க கேக்கல, அது சொல்லல."

அவன் எங்கோ போய் எதையோ அழுத்த, கடைசிப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. கோடு வரைதான் இடம். மேலே ஒரு வரி ஏறினால் கீழே ஒரு வரி கோட்டைத் தாண்டி விழும். இத்தனை காலமும் அது விழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. பன்னிரண்டாம் இணைப்பு, புகார் பெறும் முறை, மூன்று வருடங்களுக்கு முன்பே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு புகார்கூடப் பதிவாகாததால் நிலையத்துக்குச் சுழற்கோப்பை கிடைத்தது. பதினொன்றாம் இணைப்பு, ஆபத்துக் காலத்தில் இயந்திரத்தை நிறுத்துவது எப்படி. அது போனதை யாரும் கவனிக்கவில்லை. நல்லவேளையாக ஆபத்தும் கவனிக்கவில்லை. பத்தாம் இணைப்பு, ஊழியர்களின் விடுப்பு. அது விழத் தொடங்கிய நாளிலிருந்து யாருக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. எல்லோரும் அதைப் புதிய இயக்குநரின் கண்டிப்பு என்று நினைத்து அவரை மதித்தார்கள். அதன் மிச்ச வரிகளும் பதினொன்றாம் தேதித் திருத்தத்தில் தீர்ந்து, நாற்பத்து மூன்றாம் தெருவின் முறை வந்தது.

கோப்பைப் பத்தாகப் பிரிக்கலாமே என்றான் இதாயத். அம்பலவாணன் பதறினார். பிரித்தால் பத்துக் கோப்புக்கும் பட்டியல் வேண்டும். முதல் கோப்பில் முதலில் வருபவர் இரண்டாவது கோப்பில் எங்கே வருவார்? நகல் எடுத்து வைக்கலாமே என்றான். நகல் வைப்பது குற்றம். ஒருமுறை இரண்டு பிரதி இருந்து, வாசிப்பான் இரண்டையும் வாசித்து, ஒரே தெருவுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு ஒரு வீட்டுக்குள் மீன் வந்துவிட்டது என்று பேச்சு. அப்படியானால் வணக்கத்தைக் குறைக்கலாம் என்றான் இதாயத், கடைசியாக. திருத்தங்களின் முன்னால் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டால் ஆவணம் முந்நூறு பக்கமாகிவிடும்.

அம்பலவாணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, என் பேரு அதுல வந்த அன்னிக்கு என் வீட்டுக்காரி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டுனா. அத எடுக்கச் சொல்றீங்க. இதே மாதிரி இருநூத்திப் பதினோரு வீடு இருக்கு. அதுல நாப்பது பேரு செத்தவங்க. அவங்க கிட்டப் போயி எப்படிச் சம்மதம் வாங்குறது?"

இதாயத்திடம் அதற்கு மென்பொருள் இல்லை. ஆவணத்தில் எதையும் நீக்குவதற்குத் தலைமைச் செயலகத்தின் சாவி வேண்டும். சேர்ப்பதற்குத்தான் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அன்று மாலை ஜெசிந்தா ஒரு காரியம் செய்தாள். தன் தெருவின் இருபத்து மூன்று வீடுகளும் அவளுக்கு மனப்பாடம். அவற்றை ஒன்பதாம் இணைப்பில் முதல் தெருவுக்கு அடுத்து, யார் கண்ணிலும் படாத இடத்தில் அடித்துச் சேர்த்தாள். சேமித்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே நாற்பத்து இரண்டாம் தெருவின் பத்தொன்பது வீடுகள் விழுந்தன. அதற்கு மேல் நாற்பத்தொன்றில் கடைசியாக இருந்த நாலு வரியும் விழுந்தது. அவை வீடுகள் அல்ல, அந்தத் தெருவுக்கு மட்டும் தனியாகக் குறித்திருந்த குழாய் அளவுகள். அது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு தெருவைக் கொன்றுவிட்டு, இன்னொரு தெருவில் போனது குழாய் அளவுதானே என்று ஆறுதல் அடையும் அளவுக்கு அவள் ஒரே நாளில் நிர்வாகம் கற்றுக்கொண்டுவிட்டாள்.

மறுநாள் காலை வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. பிரகாசி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டே, மைனி ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னாள், வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினாள். ஒன்பது மணிக்கு நாற்பத்து இரண்டாம் தெருவிலிருந்து சவரியம்மாள் இரண்டு குடங்களோடு வந்து நின்றாள். மீன் விற்ற காலத்துக் குரல். இப்போது விற்க மீன் இல்லாததால் குரல் மட்டும் மிச்சம்.

"ஏ புள்ள ஜெசிந்தா, ஒங்க தெருவுக்கு வந்துருச்சு, எங்க தெருவுக்குப் போயிருச்சு. தண்ணி என்ன சீட்டுக்கட்டா? யாரு கலைச்சுப் போடுறது?"

ஜெசிந்தா குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது சவரியம்மாளின் முகத்தைப் பார்க்காமல் குடத்தின் விளிம்பையே பார்த்தாள். யாராவது ஒரு தெரு விழுந்துதான் ஆக வேண்டும் என்றால் அது ஏன் நாற்பத்து மூன்றாக இருக்கக் கூடாது என்பதற்கு அவளிடம் ஒரே காரணம்தான் இருந்தது: அதில் அவள் இருந்தாள்.

அடுத்த வாரம் அமைச்சர் வருகிறார். அதற்கு நன்றி சொல்லி இன்னொரு திருத்தம் வரும். இன்னொரு வணக்கம். இன்னும் பத்துத் தெரு விழும். ஆவணத்தில் எப்போதுமே விழாத இடம் எது என்று அவள் வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனாள். அலுவலக வாசலை அடைவதற்குள் விடை கிடைத்துவிட்டது. ஒன்பது வருடமாக அதைத்தான் தினமும் அடித்துக்கொண்டிருந்தாள் என்பதால் இவ்வளவு நேரம் ஆனதே வெட்கம்.

முதல் பக்கத்தின் பட்டியல். அங்கே ஏறிய பெயரை எடுக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. இறந்தாலும் எடுக்க மாட்டார்கள்.

இதாயத் அன்று பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வீட்டின் பெயர் இணைப்பில் இல்லாமல் முதல் பக்கத்தில் இருந்தால் வாசிப்பான் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டாள்.

"அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். 'இந்த ஆவணத்தில் பெயர் இடம்பெறும் வீடு'ன்னுதான் இருக்கு. எங்கன இடம்பெறணும்னு இல்ல." அவன் பையைக் கீழே வைத்தான். "அக்கா, எத்தன வீடு ஏத்தப்போறீங்க?"

எல்லாம் என்றாள்.

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கடைசியிலிருந்து எடுத்து மேலே ஏற்றிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு முறையும் கீழே விழுவது ஏற்கெனவே மேலே ஏறிய வீட்டின் பழைய வரியாகத்தான் இருக்கும். ஒன்றும் கெடாது. ஒரே ஒரு சிக்கல். நாற்பத்து இரண்டாம் தெரு ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதன் பத்தொன்பது வீடுகளை ஏற்றும்போது, ஒன்பதாம் இணைப்பு முழுதும் போன பிறகு, எட்டாம் இணைப்பிலிருந்து பத்தொன்பது வரி விழும். எட்டாம் இணைப்பில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. இடையில் ஏடு செத்துப்போனால் பயப்படாமல் அரை மணி நேரம் அப்படியே விடும்படி சொல்லிவிட்டு அவன் பேருந்து ஏறினான். விருது வாங்கிய மென்பொருளுக்கு அதை விற்றவனே சொன்ன வைத்தியம் அது.

அம்பலவாணன் அமைச்சருக்கு நேரில் அழைப்பு வைக்கப் போயிருந்தார். ஜெசிந்தா சவரியம்மாளை அலுவலகத்துக்கே கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்து, நாற்பத்து இரண்டாம் தெருவைச் சொல்லச் சொன்னாள். பத்தொன்பது வீடும் சவரியம்மாளுக்குத் தலைகீழாகத் தெரியும். யார் வீட்டில் யாரோடு பேச்சில்லை என்பது வரை தெரியும். பதினாலாம் வீட்டுக்காரி பெயரைச் சொல்ல மட்டும் மறுத்தாள். அவளோடு ஆறு வருடமாகச் சண்டை.

"பேரு சொல்லாட்டி தண்ணி வராதுக்கா அவங்களுக்கு."

சவரியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பிலவேந்திரத்தின் பெண்டாட்டி ஆரோக்கியம் என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

மாண்புமிகு ஆரோக்கியம் அவர்களே என்று ஜெசிந்தா அடித்தாள். நாற்பத்து இரண்டாம் தெரு, பதினாலாம் வீடு. அடிக்கும்போதுதான் தெரிந்தது, அந்த வார்த்தை அந்தப் பெயருக்கும் பொருந்தத்தான் செய்கிறது. இருநூற்றுப் பதினோரு பெயருக்கு அடித்தபோது விரல் வலித்ததே தவிர ஒருமுறையும் அப்படித் தோன்றியதில்லை.

சவரியம்மாள் போன பிறகு நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது என்று கீழிருந்து எடுத்து மேலே ஏற்றினாள். சிவப்புக் கோடு ஒவ்வொரு வரியாக மேலே ஊர்ந்தது. இருபத்தாறாம் தெருவில் ஏடு உறைந்தது. திரை பழுப்பாகி, எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்து நின்றன. இவ்வளவு நேரம் ஏற்றிய முந்நூற்றுச் சொச்ச வீடுகளும் அந்தப் பழுப்புக்குள் எங்கோ இருந்தன, அல்லது இல்லை. அவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசைக்காரர் வழக்கம்போல மின்விசிறியை நிறுத்தினார். ஏடு திரும்பி வந்து, "எதுவும் நடக்கவில்லை" என்ற தோரணையில் விட்ட இடத்திலேயே நின்றது. இரண்டு வீடுகள் மட்டும் கட்டங்களாக மாறியிருந்தன. அவற்றை மறுபடி அடித்தாள்.

மூன்றரை மணிக்கு முதல் தெரு மட்டும் மிச்சம். அது அலுவலர்களின் தெரு. கீழே ஒன்பதாம் இணைப்பு தேய்ந்து முடிந்து, எட்டாம் இணைப்பின் வால் விழத் தொடங்கியது. டீ இடைவேளை எத்தனை நிமிடம். அடையாள அட்டையின் கயிறு என்ன நிறம். சீருடைக்குச் சட்டைப்பை ஒன்றா இரண்டா. இப்படிப் பதினெட்டு வரி போனது. யாருக்கும் ஒரு குறையும் வராது.

எட்டாம் இணைப்பு நிலையத்தின் பணியிடங்கள். மேலே இயக்குநர், தகுதி இறங்க இறங்கக் கீழே வரும். இப்போது சிவப்புக் கோட்டுக்கு நேர் மேலே நின்ற வரி: பதிவர், ஒரு பணியிடம்.

மேலே ஏற்ற வேண்டியது இன்னும் ஒரே ஒரு வீடு. முதல் தெரு, முதல் வீடு. அம்பலவாணனின் வீடு. அவருடைய பெயர் பட்டியலில் இருந்தாலும் அது பதவியின் பெயர். வீட்டின் பெயர் இல்லை. அந்த ஒரு வீட்டை விட்டுவிட்டால் அவளுடைய வேலை தப்பும். ஒரு பாவம் செய்ய இதைவிட வசதியான இடம் யாருக்கும் அமையாது. தவறிவிட்டது என்றால் அவரே நம்புவார். தவறுவது ஆவணத்தின் இயல்பு என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா எழுந்து போய் ஒரு டீ குடித்தாள். அம்பலவாணனின் மனைவியை ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். சட்டம் போட்ட பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள். அந்த வீட்டிலும் காலையில் எழுந்ததும் யாரோ ஒருவர் குழாயைத் திறப்பார்கள், காற்று வரும்.

திரும்பி வந்து அந்த வரியையும் அடித்தாள். மாண்புமிகு என்று தொடங்கித்தான் அடித்தாள். சேமித்தாள்.

சேமிக்கப்பட்டது என்றது ஏடு.

மறுநாள் காலை நாற்பத்து மூன்று தெருக்களிலும் தண்ணீர் வந்தது. நிலையத்தின் கதவு மட்டும் ஜெசிந்தாவுக்குத் திறக்கவில்லை. கதவும் வாசிப்பானின் பொறுப்பில்தான் இருந்தது. அவள் மூன்று முறை விரலை வைத்துப் பார்த்தாள். பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். உள்ளே இருந்தவர்கள் கண்ணாடி வழியாக அனுதாபத்தோடு கையசைத்தார்கள். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பதினான்கு நாள் கழித்து அம்பலவாணன் வெயிலில் நடந்து நாற்பத்து மூன்றாம் தெருவுக்கு வந்தார். இல்லாத தெருவை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார். பிரகாசி நாற்காலி போட்டாள். ஜெசிந்தா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அமைச்சர் வந்து போய்விட்டாராம். திரையில் முதல் பக்கத்தைக் காட்டினார்களாம். வீட்டுக்கு வீடு மாண்புமிகு போட்டிருந்ததைப் பார்த்து, மக்களை இப்படி மதிக்கும் ஆவணத்தை வேறெங்கும் கண்டதில்லை என்று அவர் நெகிழ்ந்துபோய்ப் பேசினாராம். இரண்டாம் பக்கத்துக்கு யாரும் போகவில்லை. இப்போது அம்பலவாணனுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. புது இயக்குநரும் வந்துவிட்டார். இரண்டையும் ஆவணத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றப் பதிவர் வேண்டும்.

"போஸ்ட் இல்லையே சார்," என்றாள் ஜெசிந்தா.

"அதத்தான்மா சொல்றேன். போஸ்ட்டப் புதுசா உண்டாக்கணும்னா ஆவணத்துல சேக்கணும். சேக்கணும்னா பதிவர் திறக்கணும்." அவர் சொம்பை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "அந்தக் கம்பெனித் தம்பிக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் சிரிச்சுட்டு, இனிமே இந்தக் கோப்பு கெட்டுப்போக வழியே இல்ல சார், இதத்தான் நாங்க விளம்பரத்துல சொல்றதுன்னு சொல்லிட்டு வச்சுட்டான். தெரிஞ்சுதான் செஞ்சியாம்மா?"

"உங்க வீட்டுல தண்ணி வருதா சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வருகிறது என்றார். தண்ணீரைக் குடித்து முடித்தார். ஒரு வணக்கம்கூடச் சேர்க்க முடியாத ஓர் ஆவணத்தின் கீழ் இனி எத்தனை வருடம் வேலை பார்ப்பது என்ற மலைப்பு அவர் முகத்தில் இருந்தது. ஆனால் கொதிப்பு குறைந்திருப்பதாக மருத்துவர் சொன்னாராம். அவருக்கே அது ஆச்சரியம்.

எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார்.

"நாப்பத்தி நாலாவது தெருவுக்கு ஆளுங்க வந்து எறங்கிட்டாங்கம்மா. போன மாசம் கடல்ல போச்சே, அந்த ஊருக்காரங்க. இருபது குடும்பம். அவங்கள எங்க சேக்கிறது?"

ஜெசிந்தா காலிச் சொம்பை எடுத்துக்கொண்டாள். எல்லா வீட்டையும் ஏற்றிவிட்டு, தன்னையே பூட்டாகப் போட்டுக் கதவைச் சாத்தியபோது, எல்லாம் என்றால் இன்றைக்கு இருக்கும் எல்லாம் மட்டும்தான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. ஒன்பது வருட நிர்வாகப் பழக்கம். வெளியே நிற்பவர்கள் கண்ணில் படுவதில்லை.

அவர் போன பிறகு தெருமுனைக்குப் போய்ப் பார்த்தாள். தகர வீடுகளின் நிழலில் மூட்டைகள். பெண்கள் காலிக் குடங்களைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டுக் குழாயை யாரோ திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் சவரியம்மாளிடம் போனாள். சவரியம்மாள் தெருவில் இறங்கி ஒரு சத்தம் போட்டாள். மாலைக்குள் இரண்டு தெருவிலிருந்தும் ஒன்பது ரப்பர் குழாய்கள் வந்து சேர்ந்தன. நீளம் போதாமல் ஒன்றோடொன்றைக் கோத்து, பொருத்திய இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று யாரும் எழுதவில்லை. ஆரோக்கியத்தின் வீட்டுக் குழாயும் அதில் இருந்தது. சவரியம்மாள் அதைத் தொடாமல் மற்ற எட்டையும் தானே மாட்டினாள்.

பிரகாசி பிள்ளையின் துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே, இனிமேல் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளியல் என்று முனகினாள். நூற்றிருபது லிட்டரில் பாதி போனால் மிச்சம் எவ்வளவு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"எத்தன நாளைக்கு மைனி?"

தெரியாது என்றாள் ஜெசிந்தா.

அந்தக் குழாய் ஐந்து மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று இடத்தில் கசிகிறது. கசியும் இடத்தில் யாரோ கீரை போட்டிருக்கிறார்கள். நிலை ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. இதுவரை அது நின்றுபோகாததற்கு வேறு காரணம் எதுவும் தெரியவில்லை.